ஒரே உயரத்தில் நின்ற புள்ளி

இன்று காலை யாரோ பியூட்டனால் என்ற கரைப்பான் பாட்டிலை மூடாமல் விட்டிருந்தார்கள். தலையைக் கனக்கச் செய்யும் அந்த வாடை ஆய்வகம் முழுக்க நின்றது. உன் முகம் நினைவுக்கு வருமுன்பே நம் அதிகாரியின் மேல் கோபம் வந்துவிட்டது.

மலைமேல் திண்ணனூர் நாட்டு ஊர் ஒன்றில் ஒரு குழந்தை இறந்துபோக, இருமலுக்குக் கஷாயம் கொடுத்த அதன் சின்னம்மா பாப்பாத்தியைப் போலீசார் பிடித்துப் போனார்கள். மிச்சக் கஷாயம் சோதனைக்கு நம்மிடம் வந்தது. வடிதாளில் ஒரு சொட்டு, பக்கத்தில் ஊமத்தை விஷம் ஒரு சொட்டு. தாளின் நுனியைப் பியூட்டனால் கலவையில் நனைத்தோம். கலவை ஏற ஏறச் சொட்டுகளும் ஏறின. நிறம் காட்டும் மருந்தைத் தெளித்ததும் இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகள், ஒரே உயரத்தில். அதிகாரி அன்றே விஷம் என்று எழுதி அனுப்பிவிட்டார்.

நீ சந்தேகப்பட்டாய். இன்னும் நீளமான தாளில் ஓட்டிப் பார்த்துக்கொள் என்றார். ஓட்டினோம். புள்ளிகள் அகன்று வெளிறின. உயரம் மட்டும் மாறவில்லை.

"ஒரே வேகத்துல போறதுகள எத்தன தூரம் ஓட்டுனாலும் பிரியாதுங்க சார். கலவையத்தான் மாத்தோணும்" என்றாய்.

மாற்றினாய். ஊமத்தை மேலே போனது, கஷாயம் கீழேயே நின்றது. ஆடாதோடை இலையைக் காய்ச்சி ஓட்டினாய். அது கஷாயத்தோடு சரியாக நின்றது. வெறும் இருமல் மருந்து. அதிகாரி அந்தத் தாளை மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். அனுப்பியது அனுப்பியதுதானாம்.

நீயே கோர்ட்டில் போய்ச் சொன்னாய். பாப்பாத்தி விடுதலையானாள். அதற்குள் மலையில் ஒரு போக நெல் அறுத்து முடிந்திருந்தது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து அவளோடு நாமும் ஏறினோம். அவள் புருஷன் வாசலை மறித்து நின்றான்.

"கோர்ட்டு இன்னைக்கு இல்லைங்குது. மொதல்ல வெசம்னு எழுதுனதும் உங்க ஆபீசுதானுங்களே?"

பாப்பாத்தி திரும்பி, அரியூர் நாட்டிலிருந்த அம்மா வீட்டுப் பாதையில் நடந்தாள். உன்னை அடுத்த மாதமே தூரத்து ஊருக்கு மாற்றினார்கள். அங்கேதான் காய்ச்சலில் போனாய்.

உன் இரங்கல் கூட்டத்துக்கு அதே அதிகாரிதான் தலைமை. ஆய்வகத்தின் துல்லியத்துக்கு நீ சான்று என்றார். நான் எழுந்து, பாப்பாத்தி யார் என்று சபைக்குச் சொல்லும்படி அவரிடம் கேட்டேன். அவர் கையிலிருந்த தாளைப் புரட்டினார்; நானே முழுதும் சொன்னேன். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை.

இப்போது கலவையை மாற்றி ஓட்டாமல் எந்த முடிவிலும் நான் கையெழுத்திடுவதில்லை. அவசரப்படுத்துகிறவர்களிடம் கத்துகிறேன். நீ ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. உன் பங்கையும் சேர்த்து நான்தான் கத்திக்கொண்டிருக்கிறேன்.