கண் ஒப்பரேசன்

வட்டக்கச்சி
8.6.1962

அன்பு மகளுக்கு,

அம்மாவும் நானும் நேற்றுக் கொழும்பிலிருந்து வாடகைக் காரில் வந்து சேர்ந்தோம்.

அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன் என்று உனக்கு எழுதினேன். ஊரிலும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். அது கண் இல்லை, பிள்ளை. மார்பில் புற்றுநோய். இடது பக்கத்தை எடுத்துவிட்டார்கள். இனிப் பயமில்லை என்கிறார் டொக்டர்.

ஊரில் சொல்லிவைத்த பொய்யை வவுனியா தாண்டிய பிறகுதான் அம்மாவிடம் சொன்னேன். அவா என் பக்கம் திரும்பினா.

"எந்தக் கண் எண்டு சொல்லுங்கோ. அதைப் பொத்திக்கொண்டு இறங்கிறன்."

கார் ஓட்டிய மஹ்றூப் பகிடி என்று நினைத்துச் சிரித்தான்.

உனக்குச் சம்பந்தம் பேசுகிற நேரம், அதனால் மறைத்தேன் என்றேன். "அதுதானோ காரணம்?" என்று கேட்டா. அது இல்லை, பிள்ளை. அந்த இடத்தின் பேரைச் சொல்ல எனக்குக் கூச்சம். காலில் முள் குத்தினால் யாரும் மறைப்பதில்லை, அதுபோல நோய்க்கும் வெட்கப்படக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் எத்தனையோ வருடம் சுகாதாரம் படிப்பித்தவன் நான்.

வீட்டுப் படலையில் கார் நிற்க, பக்கத்து வீட்டு நாகேஸ்வரி ஓடிவந்தா.

"அக்கா, இப்ப கண் தெரியுதோ?"

"கண்ணுக்கு ஒண்டுமில்லையடி. மார்பில கான்சர், வெட்டிப்போட்டினம். கையைப் பிடி, இறங்க ஏலாமல் கிடக்கு."

அம்மாவை நாகேஸ்வரி அணைத்து உள்ளே கூட்டிப்போனா. நான் பெட்டியோடு படலையடியிலேயே நின்றேன்.

காயத்துக்கு மருந்து கட்ட நீ வரவேண்டும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வேண்டாம், அதை நானே பழகுகிறேன். நீ அம்மாவைப் பார்க்க மட்டும் வா.

உன் ஐயா