தோல்களுக்கு முன்னால் ஓர் ஒத்திகை

ஆம்பூர்,
சனிக்கிழமை.

அன்புள்ள செண்பகவல்லிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? நம் பெண் மதிவதனி வேளைக்குச் சாப்பிடுகிறாளா?

அவள் நிச்சயதார்த்தத்தில் எனக்கு நா எழவில்லை என்றதும் உன் அண்ணன் மைக்கை வாங்கி எனக்குப் பதிலாகப் பேசினாரே, அதை நான் மறக்கவில்லை. கல்யாணத்தில் நானே பேசுவேன். இதற்காகவே ஞாயிறுதோறும் வாணியம்பாடியில் பேச்சுப் பயிற்சி வகுப்புக்குப் போகிறேன். கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடுவே நரைத்த மாணவன் நான் ஒருவன்தான்.

நேற்று ஜும்மா தொழுகைக்காக எங்கள் தோல் தொழிற்சாலையில் இயந்திரங்களை நிறுத்தியிருந்தார்கள். உலர்த்தும் கூடத்தில் தோல்கள் வரிசையாகத் தொங்கின. காற்றில் அவை மெல்ல அசைய, கல்யாண மண்டபமே தலையாட்டிக் கேட்பதுபோல் இருந்தது. கனவில் நடப்பவனைப்போல அவற்றின் நடுவே என் கல்யாணப் பேச்சைப் பேசிக்கொண்டே போனேன். குரல் நடுங்கவேயில்லை.

பின்னால் கைதட்டும் சத்தம். தோல் தரம் பிரிக்கும் அமிர்தவள்ளி, சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“சூப்பரா பேசறீங்க சார். மச்சானைத்தான் ஜாஸ்தியா கிழிச்சிட்டீங்க. ஆமா, பொண்ணைப் பத்தி இன்னா சொல்லப் போறீங்க?”

சிரித்துச் சமாளித்தேன். அவள் போனபின் முயன்று பார்த்தேன். மதிவதனி ஆறாம் வகுப்பு படிக்கும்போது இங்கே வந்தவன் நான். அதற்குப் பிறகான அவளைப் பற்றி ஒரு வாக்கியம்கூட வரவில்லை.

போனில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அவள் எதற்குச் சிரிப்பாள், எதற்கு அழுவாள், தனியாக இருக்கையில் என்ன பாட்டு முணுமுணுப்பாள், எல்லாம் எழுது.

சங்கு ஊதிவிட்டது, முடிக்கிறேன். உனக்குத் தெரியாததை, அவளைக் கூடவே இருந்து பார்த்த உன் அண்ணனிடம் கேள். நான் கேட்டதாகச் சொல்லாதே.

உன்,
பரமசிவம்