அண்ணன் கொடுத்த இரண்டு வார்த்தைக் குறிப்பு

அன்புள்ள மல்லிகா அண்ணிக்கு,

அங்கேயும் டிவி இருந்தால் போன ஞாயிற்றுக்கிழமை பார்த்திருப்பீர்கள். இல்லாவிட்டால் நான்தான் சொல்ல வேண்டும். நாம் ஜோடியாகப் போன அந்தச் சொல் விளையாட்டு நிகழ்ச்சிக்கு மறுபடியும் போய் வந்தேன். உங்கள் நாற்காலியில் யார் உட்கார்ந்தது தெரியுமா? அண்ணன்! சிரிக்காதீர்கள், நிஜம்தான்.

நாம் போனபோது எப்படி இருந்தது! அட்டையில் உள்ள வார்த்தையைச் சொல்லக் கூடாது, கையை ஆட்டக் கூடாது, இரண்டு வார்த்தைக்குள் குறிப்பு. மூன்று தடவை கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் காலை ரயில் பிடித்துச் சென்னைக்குப் போனோம். இரண்டு தடவை ஜெயித்து, நம் ஜீவனஹள்ளித் தெருக்களுக்கே 'டிவி அக்கா' ஆனோம். மூன்றாவது தடவை 'கீரை' வந்தது. நீங்கள் "சொப்பு" என்றீர்கள், கண் மூடித் திறப்பதற்குள் நான் விடையைச் சொல்லிவிட்டேன். நடுவர், "அது கன்னடம், செல்லாது" என்றார்.

நீங்கள் விட்டீர்களா? "எங்க மார்க்கெட்ல தமிழ்க்காரங்க எல்லாரும் சொப்புன்னுதான் சார் கேப்போம். அப்ப நாங்க தமிழ் இல்லியா?" என்று கேமரா ஓட ஓடச் சண்டை. தோற்றுப்போய்த் திரும்பும்போது ஜோலார்பேட்டை வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தீர்கள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு வீட்டில் உங்கள் பெயரை யாரும் எடுக்கவில்லை. பேசி வைத்துக்கொண்டதல்ல, அண்ணன் இருந்த இருப்பு அப்படி. வைட்ஃபீல்ட் கம்பெனி வண்டியை ஓட்டிவிட்டு வருவார், சாப்பிடுவார், சுவரைப் பார்ப்பார். நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். உங்கள் பெயர் காதில் விழுந்தால் உடைந்துபோவார் என்று அம்மாவும் நானும் பயந்தோம். "அந்தப் பச்சைப் புடவைய உள்ள வை" என்பார் அம்மா. யாருடைய புடவை என்று சொல்ல மாட்டார். ஒன்பது மாதம், அண்ணி! அந்த நிகழ்ச்சியின் விதியை வீட்டிலேயே வைத்து ஆடிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் அந்த நிகழ்ச்சிக்காரர்களிடமிருந்து போன் வந்தது. பழைய ஜோடிகளுக்குச் சிறப்புச் சுற்றாம். "ஒருத்தர் இல்லேன்னா வீட்டு ஆளு வேற யாராவது வரலாம் மேடம்" என்றார்கள். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் அண்ணன் கேட்டார்: "ஏன் வேணாம்னுட்ட? நான் வரேன்."

"உனக்குத்தான் வார்த்தையே வர்றதில்லையேடா" என்றார் அம்மா.

"வரும்."

வந்ததா? மேடையில் முதல் அட்டை 'குடை'. பச்சைக் குழந்தைகூட 'மழைக்குப் பிடிக்கிறது' என்று சொல்லியிருக்கும். அண்ணன் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நேரம் போயே போய்விட்டது. தோற்பது பெரிய விஷயமில்லை. இத்தனை பேருக்கு முன்னால் அவமானப்பட்டு வீடு திரும்பினால், இருக்கிற அந்தப் பத்து வார்த்தையும் போய்விடுமே? நான்தான் இவரைக் கூட்டிவந்து கெடுத்தேனா?

அடுத்த அட்டையை எடுத்தார். ரொம்ப நேரம் அதையே பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "உங்க அண்ணி" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. "பிடிவாதம்!" என்று கத்தினேன்.

அட்டையைத் திருப்பிக் காட்டினார். அதேதான்.

தொகுப்பாளர் திகைத்துப்போய், "என்ன சார் இது, எங்களுக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது.

"இதே மேடையில சொப்புக்காக உங்க நடுவரோட சண்ட போட்டாளே, அவதான் சார். மல்லிகா. என் வீட்டுக்காரி. கல்யாணத்துக்கு எங்கப்பா ஒத்துக்கலன்னு மூணு நாள் எங்க வீட்டு வாசல்லயே உக்காந்தவ சார். நாலாவது நாள் எங்கப்பாவே காபி குடுத்து உள்ள கூப்ட்டாரு."

நிறுத்தவே இல்லை. அழுதார், சிரித்தார், மறுபடியும் பேசினார். அந்த நடுவர்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அழுதது டிவியில் அசிங்கமாகத் தெரிந்ததாம், கிடக்கட்டும். ஒன்பது மாதமாக எந்தப் பெயரைக் கேட்டால் உடைந்துபோவார் என்று பயந்தோமோ, அந்தப் பெயரைச் சொல்லத்தான் மனுஷன் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். எங்களுக்கு ஏன் அது தெரியாமல் போயிற்று, அண்ணி? எவ்வளவு மடத்தனம்!

மூன்றாம் இடம்தான் கிடைத்தது. அடுத்த சுற்றுக்கு விண்ணப்பத்தை அண்ணனே நிரப்பி அனுப்பிவிட்டார். டிராபிக்கில் வண்டி நின்றால் கம்பெனிப் பிள்ளைகளுக்குக் குறிப்பு கொடுத்து விடை கேட்கிறாராம். அம்மா பழையபடி பெயர் சொல்லி உங்களைக் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார். உங்களுக்குக் கோபம் வரலாம், எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ஒரு வாக்குத் தருகிறேன். அடுத்த தடவை ஜெயிப்போமா தெரியாது. ஆனால் இந்த வீட்டில் இனி உங்கள் பெயரை யாரும் விழுங்க மாட்டோம். நேற்றுச் சாப்பிடும்போது அண்ணன், "மல்லிகா இருந்தா இந்தக் கொழம்பக் கொட்டிட்டு வேற வெச்சிருப்பா" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"ஆமாடா, வெச்சிருப்பா" என்றார் அம்மா.

அண்ணன் அதே குழம்பை இன்னும் ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டார்.

என்றும் உங்கள் ஜோடியாக,
உங்கள் நாத்தனார் கோமதி