கம்பியில் கட்டிய பதக்கம்

ஜெர்மனி, 11.2.2012

அன்புள்ள அப்பாவுக்குத் தோத்திரம். நான் சுகம். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றியதா?

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்பட வேண்டாம். தடையே இல்லாமல் ஓடும் மின்சாரத்தின் குறுக்கே மெல்லிய காந்தப் படலம் வைத்து, படலத்தின் திசையைத் திருப்பி மின்சாரத்தை விடுவதும் நிறுத்துவதும்தான் என் வேலை. அந்தப் படலம் பதித்த நகமளவு சில்லை நீளக் கம்பியின் நுனியில் பொருத்திக் கடுங்குளிர் திரவத்துக்குள் இறக்குவோம்.

நான் புறப்பட்ட அன்று நம் வள்ளத்திலிருந்த மாதா பதக்கத்தைக் கழற்றித் தந்து, "இத கெட்டாம ஒண்ணையும் எறக்கப்பிடாது மக்கா" என்றீர்கள். கம்பியில் கட்டினேன். பதக்கம் உள்ளே இரும்பாம். படலத்தின் திசையைக் கெடுத்து, இரண்டு மாத அளவீடுகளையும் பாழாக்கிவிட்டது.

பேராசிரியர் அதைக் கூட்டத்தில் தூக்கிக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் அறைக்கதவில் அதிர்ஷ்டத்துக்கென்று குதிரை லாடம் அடித்திருக்கிறார். அதைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

அடுத்த பார்சலில் நெத்திலிக் கருவாடும், சட்டைக்குள் போட ஒரு மரச்சிலுவையும் வையுங்கள். வள்ளத்துக்கு வேறு பதக்கம் வாங்கிக் கட்டுங்கள். அம்மா கேட்டால், அன்று எல்லாரும் சிரித்தார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். நானும் கூடச் சிரித்தேன் என்று சொல்ல வேண்டாம்.

ஆய்வகத்தில் கூப்பிடுகிறார்கள்.

ஷிஜின்