மேல் ஓரம் வெட்டிய தாள்கள்

ஜனவரி 12

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. பழைய கம்ப்யூட்டர் பிரியர்கள் நடத்தும் உங்கள் சிற்றிதழின் ஒரு பிரதி, எங்கள் அலுவலகத்துக்கு வந்த பார்சலில் கசக்கித் திணிக்கப்பட்டிருந்தது. நீவி எடுத்துப் படித்தேன். கடைசிப் பக்கத்தில் உங்கள் அறிவிப்பு: “இந்த வகை மினி கம்ப்யூட்டர், லைன் பிரிண்டரோடு, எங்காவது இன்னும் ஓடுகிறதா? தெரிந்தவர்கள் எழுதவும்.”

ஓடுகிறது ஐயா. தினமும் காலையில் அதை எழுப்புவதே நான்தான்.

நான் ஓர் உதிரிபாக குடோனில் ஸ்டோர் கிளார்க். சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மினி என்று பெயர் வைத்தவர் யாரோ தெரியவில்லை, இரண்டு இரும்பு பீரோவைச் சேர்த்து நிறுத்தியது போல இருக்கிறது. பக்கத்தில் பிரிண்டர். ஒவ்வோர் எழுத்தாக அடிக்காமல் ஒரு வரி முழுவதையும் ஒரே மூச்சில் அடிக்கும். அது ஸ்டாக் பட்டியல் அடிக்கும்போது என் மேஜையில் உள்ள தண்ணீர் டம்ளரில் வட்டம் வட்டமாக அலை எழும். மற்றவர்கள் கதவைச் சாத்திவிட்டு ஓடிவிடுவார்கள். ஃபோர்மன் மட்டும் தினமும் எட்டிப் பார்த்து, “என்னம்மா, உன் மாப்பிள்ளை எழுந்தாச்சா?” என்பார்.

நான் அந்த அறையில்தான் மதியம் சாப்பிடுகிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வாயைத் திறந்தால் ஏதாவது தப்பாக வந்துவிடுமோ என்று அங்கே மூன்று வருடம் பேசாமலே இருந்து பழகிவிட்டது. பிரிண்டர் ஓடும் அறையில் யாரும் யாரோடும் பேச முடியாது. எனக்கு அது வசதி.

தகவல் பயன்பட்டால் மகிழ்ச்சி.

இப்படிக்கு,
ஸ்டோர் கிளார்க்


ஜனவரி 24

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் குழுவில் இருபத்தேழு பேர். எல்லாரும் பழைய ஆபரேட்டர்கள், மெக்கானிக்குகள். எங்களுக்குத் தெரிந்து இந்த வகையில் இரண்டுதான் மிச்சம். இரண்டும் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பிணமாக நிற்கின்றன. உயிரோடு இருப்பது உன்னுடையது ஒன்றுதான்.

முதலில் ஒன்று. ‘ஐயா’ வேண்டாம். யாரோ ஐயா என்றால் பின்னால் திரும்பி என் அப்பாவைத் தேடுகிறேன். எங்கள் குழுவில் எல்லாரும் அண்ணன் தம்பிதான். எனக்குத் தலை நரைத்து வெகுநாள் ஆயிற்று என்பது வேறு விஷயம்.

நான் மகன் வீட்டு மாடியறையில் இருக்கிறேன். மருமகள் நல்ல பெண். ஆனால் என்னிடம் இருக்கும் சின்ன டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை ஓடவிட்டால், “மாமா, மேல யாராச்சும் தகரம் அறுக்கறாங்களா?” என்று கீழிருந்து கேட்பாள். அறுப்பது நான்தான் என்று அவளுக்கும் தெரியும். இப்போது துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். கடிதம் எழுதும்போதெல்லாம் பிரிண்டர் அடித்த தாள் ஒன்றைச் சேர்த்து அனுப்பு. எந்தத் தாளானாலும் சரி. ரிப்பன் மை வாசனை போதும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. விடுதியா, தனி அறையா? சாப்பாடு வாயில் வைக்கிற மாதிரி இருக்கிறதா?

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 8

அன்புள்ள அண்ணா,

விடுதிதான். என் பெயருக்குக் கடிதம் வந்ததும் வார்டன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “உனக்கா?” என்றார். அறையில் இன்னொரு பெண் இருக்கிறாள். எப்போதும் காதில் ஏதாவது மாட்டியிருப்பாள். எட்டு மாதத்தில் நாங்கள் அதிகம் பேசியது ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பது பற்றித்தான். சாப்பாடு சூடாக இருந்தால் சாப்பிட்டுவிடலாம். சூடாக இருப்பதில்லை.

தாள் சேர்த்திருக்கிறேன். வாஷர், போல்ட் பட்டியல். நூற்றுப் பத்தாவது இடத்தில் விழும் எழுத்து மட்டும் மங்கலாக இருக்கும், கவனியுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு குட்டிச் சுத்தியல் உண்டே, அந்த இடத்துச் சுத்தியல் கொஞ்சம் சோம்பேறி. டேப் ஓட்டும் பெட்டியும் நன்றாக இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் பட்டியல்களை அதில் பிரதி எடுக்கிறேன்.

ஒரு துண்டுக் கடிதத்துக்கு நான்கு பக்கம் பதில் எழுதிய முதல் ஆள் நீங்கள்தான் அண்ணா. நான் அதை மூன்று முறை படித்தேன். இதை எழுதலாமா கூடாதா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

இவ்வளவு தேடியதற்கு ஏதாவது காரணம் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. கேட்டது தப்பென்றால் விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
தங்கை


பிப்ரவரி 22

அன்புத் தங்கைக்கு,

டேப் பெட்டி ஓடுகிறது என்ற வரியைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். காரணம் இருக்கிறது.

நானும் என் மனைவியும் ஒரே இடத்தில் ஆபரேட்டர்கள். கல்யாணத்துக்கு முன்பே. ஒரு வரியில் எத்தனை சுத்தியல் சேர்ந்து அடிக்கிறதோ அதற்கேற்பப் பிரிண்டரின் சத்தம் மாறும். அவளுக்குக் கூர்மையான காது. எந்த வரிக்கு என்ன சத்தம் என்று குறித்து வைத்து, ஒரு தாலாட்டையே அதில் கட்டிவிட்டாள். மேனேஜர் சாப்பிடப் போனதும் ஓடவிடுவாள். தாளைப் பார்த்தால் வெறும் கிறுக்கல். கண்ணை மூடினால் பாட்டு. “உங்களுக்குப் பாட வராது, எனக்கும் வராது. பிறக்கிற பிள்ளைக்கு இதுவாவது பாடட்டும்” என்பாள்.

அவள் போய் ஆறு வருடம் ஆகிறது. அந்த வரிகள் பதிந்த கம்ப்யூட்டர் டேப் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. இந்த வகை மெஷினில் மட்டும்தான் அது ஓடும். அவள் குரலை நான் எதிலும் பதிந்து வைக்கவில்லை. எதிரில் இருக்கிறவளை எதற்குப் பதிவு செய்ய வேண்டும் என்று இருந்துவிட்டேன். அவள் விட்டுப்போன சத்தம் இது ஒன்றுதான்.

தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. நானே கொண்டுவருகிறேன். மே மாதம் கண் ஆபரேஷன், அதுவரை பயணம் கூடாது என்கிறார் டாக்டர். ஜூன் கடைசியில் வரலாமா? உன் மேலாளரிடம் கேட்டு வை. அதற்குள் அங்கே ஏதாவது அவசரம் என்றால் ஒரு வரி எழுது. கண்ணைக் கையில் பிடித்துக்கொண்டாவது வந்துவிடுவேன்.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். இங்கே எல்லாம் வழக்கம் போலத்தான். பிரிண்டரில் பெல்ட் கொஞ்சம் முனகுகிறது. இரண்டு தாள்கள் சேர்த்திருக்கிறேன்.

அண்ணி கட்டிய பாட்டைப் பற்றி இன்னும் எழுதுங்கள். மெதுவாக ஆரம்பிக்குமா, வேகமாகவா? உங்கள் மகனுக்கு அதை ஓடவிட்டுக் காட்டினீர்களா? அறைப் பெண் ஊருக்குப் போயிருக்கிறாள். ஜன்னலை எனக்குப் பிடித்தபடி திறந்து வைத்திருக்கிறேன். ஆனால் அதைச் சொல்ல ஆளில்லை, அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டுப் பயணம் வேண்டாம்.

அன்புடன்,
தங்கை


மே 28

அன்புத் தங்கைக்கு,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது எனக்கு மருமகளின் முகச்சுளிப்பு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. பெல்ட்டைப் பற்றி நான் எழுதிய நான்கு பக்கமும் கிடைத்ததா? முனகல் நின்றதா?

ஜூன் 21 காலை வந்து சேரும் வண்டிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். டேப்பைத் துண்டில் சுற்றி, பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, சூட்கேஸில் நடுவில் வைத்தாயிற்று. மகன், “ஒரு பிரிண்டரோட சத்தத்தைக் கேக்கவா அப்பா இவ்ளோ தூரம்?” என்கிறான். “ஒரு தாலாட்டுக் கேட்க” என்றேன்.

உனக்கு என்ன வாங்கிவர? வெட்கப்படாமல் எழுது.

அன்புடன்,
அண்ணன்


ஜூன் 4

அன்புள்ள அண்ணா,

டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். மெஷின் இல்லை.

மார்ச் 18ஆம் தேதி அதைப் பழைய இரும்புக்கு எடுத்துப் போய்விட்டார்கள். இப்போது அந்த அறையில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கிறார்கள். பட்டியலெல்லாம் புதுச் சிஸ்டத்தில் வருகிறது, சத்தமே இல்லை.

உங்கள் டேப் கடிதம் பிப்ரவரி 26 கிடைத்தது. மறுநாள் நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டினார்கள். நடுவில் பத்தொன்பது நாள் இருந்தது. ஒரு வரி எழுதியிருந்தால் நீங்கள் வந்திருப்பீர்கள். பேனாவை எடுத்தேன். ஒவ்வொரு நாளும் எடுத்தேன்.

நீங்கள் வந்து, டேப்பைப் போட்டு, பாட்டைக் கேட்டுவிட்டால், அதன் பிறகு எனக்கு எழுத உங்களுக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். மெஷின் போய்விட்டது என்று சொன்னாலும் கடிதம் நின்றுவிடும். எப்படிப் பார்த்தாலும் நின்றுவிடும் என்று தோன்றியது. ஜூன் வரையாவது வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

ஏப்ரலில் அனுப்பிய தாள்கள் குப்பைக் கூடையில் இருந்து எடுத்து வைத்த பழையவை. மேலே தேதி அச்சாகியிருக்கும். கத்தரிக்கோலால் வெட்டினேன். பெல்ட் முனகவில்லை. பெல்ட்டே இல்லை.

என்ன தண்டனை சொன்னாலும் சரி.

தங்கை


ஜூன் 12

ஸ்டோர் கிளார்க் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. டிக்கெட்டை ரத்து செய்தாகிவிட்டது.

முதலில் வந்த தாளில் மேல் ஓரம் துளை வரிசையில் கிழித்ததால் பல் பல்லாக இருந்தது. ஏப்ரலில் வந்தவற்றில் கத்தரிக்கோல் வெட்டு. இந்த வேலையில் முப்பது வருடம் இருந்தவன், அதைக் கவனிக்காமல் இருப்பேனா? கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயந்து கேட்கவில்லை. அது என் தப்பு. பத்தொன்பது நாள் உங்களுடையது.

பெல்ட் முனகுகிறது என்று எழுதினீர்கள். ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியோடு பழைய கையேட்டைப் புரட்டி நான்கு பக்கம் பதில் எழுதினேன்.

மெஷினுக்காகத்தான் எழுதினேன் என்று முடிவு செய்துவிட்டீர்கள். மெஷினுக்கு எழுதுகிறவன், உன் சாப்பாடு வாயில் வைக்கிற மாதிரி இருக்கிறதா என்று எதற்காகக் கேட்கிறான்?

ஒன்று மட்டும் எழுதுங்கள். மார்ச் 18 என்ன நடந்தது. ஒன்றையும் விடாமல். அதன் பிறகு எழுத வேண்டாம். என் வாசலில் உங்கள் கையெழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் நாள் எண்ண ஆரம்பித்துவிடுவேன். இருவருக்கும் நல்லதல்ல.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆபரேட்டர்


ஜூன் 20

அண்ணா,

இப்படி அழைக்க இனி எனக்கு உரிமை இல்லை. வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

காலை ஒன்பது மணிக்கு லாரி வந்தது. பழைய இரும்பு வியாபாரியும் இரண்டு ஆட்களும். கம்ப்யூட்டரின் இரண்டு பீரோக்களை முதலில் கழற்றினார்கள். உள்ளே இருந்த தகடுகளை ஒவ்வொன்றாக உருவிச் சாக்கில் போட்டார்கள். டேப் பெட்டியின் கண்ணாடிக் கதவு உடைந்தது. “போனா போகட்டும், கண்ணாடி யாருக்கு வேணும்” என்றார் வியாபாரி. நான் துடைப்பம் எடுத்துப் பெருக்கினேன்.

பிரிண்டரைத் தள்ளுவண்டியில் ஏற்றி லோடிங் மேடைக்குக் கொண்டு போனார்கள். அங்கே வியாபாரி, “மோட்டார் ஓடுதான்னு பாத்துருவோம். ஓடுற மோட்டாருக்கு வேற ஆள் இருக்கான்” என்றார். பிளக்கைச் செருகினார்கள். எந்தப் பட்டனை அழுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஃபோர்மன் என்னைப் பார்த்தார். நான் போய்ச் சோதனைப் பட்டனை அழுத்தினேன்.

கம்ப்யூட்டர் இல்லாமலேயே அது தனியாக அடிக்க ஆரம்பித்தது. எழுத்துகளும் எண்களும் வரிசையாக, ஒவ்வொரு வரியிலும் ஓரிடம் தள்ளி. மேடை முழுவதும் தகரக் கூரை, சத்தம் இரண்டு மடங்காகக் கேட்டது. லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் மூட்டையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். டீ கொண்டுவந்தவர் தட்டோடு நின்றார். ஒருவர், “அடேயப்பா, இதுக்குள்ள எத்தனை பேரு உக்காந்து தட்டுறாங்க” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தாள் தீர்ந்தது. தாள் தீர்ந்தால் அது தானாக நிற்க வேண்டும். அன்றைக்கு நிற்கவில்லை. வெறும் உருளை மீது அடித்துக்கொண்டே இருந்தது. நான்தான் நிறுத்தினேன்.

போன கடிதத்தில் எழுதாத ஒன்று இருக்கிறது. நிறுத்தியதும் மேலாளர் என் பக்கத்தில் வந்தார். எப்போதும் கத்திப் பேசுகிறவர், அன்று மெதுவாகத்தான் பேசினார். “இவ்ளோ நல்லா ஓடுதேம்மா. பழைய மெஷினுக்கெல்லாம் ஆசைப்படற ஆளுங்க இருக்காங்களாமே. உனக்குத் தெரிஞ்சு யாராவது பாக்கணும்னு கேட்டிருக்காங்களா? சொல்லு, எல்லாத்தையும் இறக்கி வைக்கச் சொல்றேன். மாட்டிப் பாக்கலாம். லாரி அடுத்த வாரம்கூட வரலாம்.”

வியாபாரியும் என்னைப் பார்த்தார். அவருக்கும் அவசரம் ஒன்றும் இல்லை.

“யாரும் இல்ல சார்” என்றேன்.

அந்த ஒன்றரை வருடத்தில் குடோனில் நான் தடுமாறாமல் சத்தமாகச் சொன்ன வார்த்தை அதுதான். மேலாளர் தலையாட்டினார். அவர்கள் கயிறு கட்ட ஆரம்பித்தார்கள்.

இதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஒன்றையும் விடவில்லை.

ஸ்டோர் கிளார்க்