பிரசவ அறையின் வெள்ளைச் சுவர்

இன்று என் வீட்டுக் குளியலறையில் டைல்ஸ் மாற்றுகிறார்கள். வேலைக்காரர் வாளியில் பொடியைக் கொட்டித் தண்ணீர் விட்டுக் கலக்கியதும், புளித்த மோரும் சுண்ணாம்பும் சேர்ந்தாற்போல் ஒரு வாடை எழுந்தது. காப்பியைக் கீழே வைத்துவிட்டு, "டைல்ஸை நனைச்சீங்களா?" என்று கேட்டேன். அவர் மூட்டையைத் திருப்பிக் காட்டினார். "நனைக்கக் கூடாது சேட். இதுலயே போட்டிருக்கு பாருங்க." போட்டுத்தான் இருந்தது. அன்றைக்கு நமக்கு யாராவது இப்படி எழுதிக் கொடுத்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை மிச்சமாகியிருக்கும். நானும் உன்னிடம் மாட்டியிருக்க மாட்டேன் மாப்ள.

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. நீ இருந்தவரை இதைப் பற்றி நாம் பேசிக்கொண்டதே இல்லை. நீயாக எடுக்கவில்லை, எனக்கு வெட்கம்.

அறுபதுகளின் நடுப்பகுதி. தாராவியில் ஆணி, பெயிண்டு, குழாய்ச் சாமான் என்று கடை போட்டு நான் ஒருவழியாகக் காலூன்றியிருந்தேன். நீ டைல்ஸ் பதிக்கும் மிஸ்திரி. ஊரிலிருந்து ஒரே ரயிலில் வந்து இறங்கியவர்கள் நாம். அந்தச் சனிக்கிழமை நீ கடைக்கு வந்தாய்; நான் ஸ்டூலை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை.

மாட்டுங்காவில் ஒரு டாக்டரம்மா நடத்திய சின்னப் பிரசவ விடுதியில் உன் மனைவி ரஞ்சிதம் பெயர் பதிந்திருந்தாள். அங்கே இருந்ததே ஒரு பிரசவ அறைதான். சுவருக்குள் குழாய் வெடித்து, உடைத்து, புதுக் குழாய் போட்டு, மேல்பூச்சும் காய்ந்துவிட்டது. டைல்ஸ் மட்டும் பாக்கி. அது உன் வேலை. சிமெண்டில் பதித்தால் இறுகிக் கழுவி முடிக்க ஐந்து நாள் ஆகும். அதுவரை யாரையும் சேர்க்க முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அப்படியொரு பெரிய ஆஸ்பத்திரியின் வராந்தாவில் காத்துக் கிடந்துதான் ரஞ்சிதம் முதல் பிள்ளையை இழந்திருந்தாள்.

"இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கா. அங்க கூட்டிட்டுப் போனா டாக்சிலேருந்து குதிச்சிருவேங்கா. நான் என்னல செய்ய?" என்றாய்.

என் கடைப் பரண்மேல் ஆறு டின் இருந்தது. துறைமுக ஏலத்தில் எடுத்த சீமைச் சரக்கு, டைல்ஸ் ஒட்டும் பொடி. தண்ணீரில் குழைத்தால் அரை மணியில் கல்லாகும் என்று விற்றவன் சொன்னான். லேபிள் நனைந்து பாதி கிழிந்திருந்தது; மீதி நமக்குத் தெரியாத பாஷை. பல மாதமாக விலைபோகாமல் கிடந்தது.

"ஒட்டிப் பாத்திருக்கியால?" என்று கேட்டாய்.

"பாத்திருக்கேன். கல்லு மாதிரி நிக்கும்."

பொய். உன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் சொன்னேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதி. மீதி, கடைக்காரன் வாய். சரக்கு கையில் இருக்கும்போது "தெரியாது" என்று அதற்கு வராது.

ஞாயிறு காலை, கோயில் ஆராதனைக்குக்கூடப் போகாமல் நீ விடுதிக்கு வந்துவிட்டாய்; டின்களோடு நானும் வந்தேன். டைல்ஸை முந்தின நாளே தொட்டியில் ஊறப் போட்டிருந்தாய். சிமெண்டில் பதிக்கிற எவனும் அப்படித்தான் செய்வான். காய்ந்த டைல்ஸ் சிமெண்டின் ஈரத்தைக் குடித்துவிடும், பிடிப்பு போய்விடும். ஒரு சட்டி நிறையப் பொடியைக் குழைத்தாய். நூல் கட்டி, முதல் வரிசை ஒன்பதையும் வைத்தாய். எப்போதும்போல் வரிசை முடிந்தபின் கொத்துக்கரண்டிக் காம்பால் தட்டி மட்டம் பார்க்கலாம் என்று திரும்பினாய். முதல் டைல் மெல்லச் சறுக்கியது. பிறகு அடுத்தது. ஒன்பதில் ஏழு கீழே வந்துவிட்டன. சட்டியைப் பார்த்தால் உள்ளே பசை கல்லாகிக் கிடந்தது.

"சட்டியில ஒட்டுது, செவுத்துல ஒட்டலியே!" என்று தலையில் கைவைத்தாய். மறுபடி ஒரு சட்டி; அதுவும் அப்படியே. இரண்டு டின் தீர்ந்தது.

டாக்டரம்மா வாசலில் வந்து நின்றார். "காலம்பறலேருந்து ஒட்டறதும் பொறுக்கறதுமா இருக்கேளே, இன்னிக்கு முடியுமா முடியாதா? ரஞ்சிதத்துக்குச் சீட்டு எழுதிக் குடுத்துடட்டுமா?"

"ஒரு மணி நேரம் குடுங்கம்மா," என்றாய். அவர் போனதும் என் பக்கம் திரும்பினாய். உன் குரலில் கோபமே இல்லை. "நீ ஒட்டிப் பாத்தப்போ நனைச்சு ஒட்டுனியா, காஞ்சத ஒட்டுனியா?"

வியாபாரியை ஒரே கேள்வியில் நிறுத்திவிட்டாய். எதையாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். பாதிக்குப் பாதி சரியாகக்கூட இருந்திருக்கும். தவறிப்போனால் மிச்சமிருக்கும் நாலு டின்னும் போகும், ரஞ்சிதம் டாக்சியில் ஏறவேண்டி வரும்.

"நான் ஒட்டியே பாக்கல மாப்ள," என்றேன்.

நீ கரண்டியைக் கீழே வைத்தாய். அடிக்கப் போகிறாய் என்றே நினைத்தேன்.

"வெளங்கும்," என்றாய். "சரி, இப்பமாவது பாப்போம். கையில இருக்குற ஈரத்துண்ட எறிஞ்சிட்டு, டைல் தொடைக்கக் காஞ்ச துணி எடு."

உள்ளங்கை அளவு மட்டும் குழைத்து, நனைந்தது ஒன்று, பெட்டியிலிருந்து எடுத்த காய்ந்தது ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் வைத்தாய். சுவரைப் பார்த்தபடி நின்றோம். நனைந்தது சறுக்கியது. காய்ந்தது அசையவில்லை. கொஞ்சம் பொறுத்து உளியால் நெம்பிப் பார்த்தாய். டைல் உடைந்ததே ஒழியப் பெயர்ந்து வரவில்லை.

அதன்பிறகு நீ வேலையையே மாற்றிக்கொண்டாய். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எடுப்பதுபோல் கொஞ்சம் கொஞ்சமாகக் குழைத்து, ஒவ்வொரு டைலையும் வைத்த கையோடு மட்டம் பார்த்து அமுக்கினாய். நான் ரசமட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "குமிழி இடப்பக்கம் ஓடுது... வந்துட்டு... நிக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மொட்டைமாடி வெயிலில் ஊறின டைல்ஸை உலர்த்தி, துடைத்து, எடுத்துக் கொடுத்ததும் நான்தான். பொழுது சாய்வதற்குள் சுவர் முடிந்தது. விரல் வைத்துத் தடவினால் எங்கும் தட்டவில்லை. டாக்டரம்மா தானே தடவிப் பார்த்துவிட்டு, மறுநாள் அறையைக் கழுவச் சொன்னார்.

புதன்கிழமை அந்த அறையில் உனக்குப் பெண் பிறந்தாள். நான் பார்க்க வந்தபோது ரஞ்சிதம் கட்டிலில் சாய்ந்து, பிள்ளையை மார்போடு அணைத்திருந்தாள். "அண்ணாச்சி, இந்தா, பக்கத்து அறையில இருக்கே, அந்தச் செவுரு விழுந்துராதுல்லா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

வாய்வரை வந்தது, "கல்லு மாதிரி நிக்கும்." உன்னைப் பார்த்தேன். நீ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"தெரியாது தாயி," என்றேன். "இன்னைக்கு வரைக்கும் நிக்குது."

நீ வெடித்துச் சிரித்ததில் பிள்ளை அழுதுவிட்டது.

அந்தச் சுவர் நின்றது. அந்தப் பெண்ணே பின்னால் தன் பிரசவத்துக்கும் அங்கேதான் போனாள். அவளைப் பார்க்கப் போன அன்றும் யாருக்கும் தெரியாமல் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். எங்கும் பிடிப்பு விட்ட பொள்ளல் சத்தம் இல்லை.

புதுச் சரக்கு எது வந்தாலும், முதலில் என் கடைச் சுவரில் ஒட்டிப் பார்க்கிறேன். அந்தச் சுவரைப் பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். ஒரு கலர் இன்னொரு கலரோடு சேராது. ஒட்டிப் பார்க்காததை யாராவது கேட்டால் "தெரியாது" என்கிறேன். சிலர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும் மாப்ள. நான் நிம்மதியாக இருக்கிறேன்.