மொத்தம் சரிதான்

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அங்கே எல்லோரும் சுகம்தானே?

நீ கட்டும் புது வீட்டுக்கு மேஸ்திரி எழுதிய செங்கல் கணக்கு வந்தது. முப்பது வருஷமாக அலுவலகத்தில் இதையேதான் போடுகிறேன், பார்க்காமல் விடுவேனா? மொத்தம் சரி. ஆனால் என் அறைக்கும் கூடத்துக்கும் நடுச்சுவரில் கதவைக் கழிக்கவில்லை. மூன்றடிக்கு ஏழடி, முக்கால் அடிச் சுவர், கன அடிக்குப் பதினான்கு வீதம் இருநூற்று இருபது செங்கல். அதையே, நான் வரைந்த படத்தில் கதவே இல்லாத தெருப்பக்கச் சுவரில் கழித்திருக்கிறார். அவர் காதைத் திருகு.

ஓய்வு பெற்று அங்கே வந்துசேர இன்னும் இரண்டே மாதம். நாள் நகர மாட்டேன் என்கிறது.

உன் அக்கா

ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

மொத்தம் சரிதானே, விடு. மேஸ்திரி ஏதோ ஞாபகத்தில் மாற்றி எழுதிவிட்டார். தெருப்பக்கம் கதவு இருந்தால் காற்று நன்றாக வரும்.

அன்புடன் தம்பி

ஜூன் 17

தம்பிக்கு,

யாருக்குக் காது குத்துகிறாய்? மேஸ்திரிக்கே போன் போட்டேன். "நான் என்னம்மா பண்றது? உள்கதவ அடைச்சிட்டு வெளிய வைக்கச் சொன்னது சார்தான்" என்றார்.

காய்ச்சலில் கிடந்து கூப்பிட்டால் உங்கள் காதில் விழ வேண்டும் என்றுதான் அந்தக் கதவை அங்கே வரைந்தேன். தெருவைச் சுற்றி வந்து மணி அடிக்க நான் என்ன வாடகைக்கா வருகிறேன்? ஏன் என்று எழுது.

அக்கா

ஜூன் 25

அக்காவுக்கு,

கேட்டுவிட்டாய், எழுதுகிறேன். எனக்கு ஐம்பது வயது. உன் முன்னால் இன்னும் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு நிற்கிறேன். போன தடவை நீ தங்கிய பத்து நாளும், டம்ளர் வைத்த இடத்திலிருந்து என் பிள்ளை படிக்கிற விதம் வரை குற்றம் சொன்னாய். நீ கிளம்பிய பிறகுதான் வீட்டில் சத்தமாகப் பேசினோம்.

நீ பக்கத்தில் இரு. உள்ளே வேண்டாம். இதை நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. செங்கல்லில் சொன்னேன், அதையும் கண்டுபிடித்துவிட்டாய்.

தம்பி

ஜூலை 2

தம்பிக்கு,

நான் குற்றம் சொல்பவள்தான், மறுக்கவில்லை. அதை நீ என் முகத்துக்கு நேரே கத்தியிருக்கலாம். நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், ஒருநாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு மறுநாள் சேர்ந்து சாப்பிட்டிருப்போம். நீ சுவர் வைத்தாய். அதுதான் எனக்கு ஆறவில்லை.

புதுக் கணக்கு இத்துடன் இருக்கிறது. என் அறையை எடுத்துவிட்டேன். பத்தடிச் சுவர் இரண்டு, பன்னிரண்டு அடிச் சுவர் ஒன்று, கதவும் ஜன்னலும் போக இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு செங்கல் உனக்கு மிச்சம். நீ அடைத்த நடுச்சுவரில் நான் கை வைக்கவில்லை. இனி உனக்கு அதுதான் வெளிச்சுவர். மழை அடிக்கும், நன்றாகப் பூசச் சொல்.

இந்தத் தடவை மொத்தமும் சரி, சுவரும் சரி.

இப்படிக்கு,
கணக்குப் போட்டவள்